சுவாதீனம்

பாரிசவாயு கண்ட ஒருவரைக் குறித்து, "வலது கையும் காலும் சுவாதீனத்தில் இல்லை" என்று நம் வீடுகளில் சொல்லுகிற வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அந்தச் சொல்லைச் சற்று நின்று கவனித்தால், 'ஸ்வ' என்பது தன்னையும், 'அதீனம்' என்பது ஒன்றன் வசத்தில் இருப்பதையும் குறிக்க, கை வேறு, அதைத் தன் வசத்தில் வைத்திருந்த ஒருவர் வேறு, வசம் போயிற்றே ஒழிய வசத்தில் வைத்திருந்தவர் போய்விடவில்லை என்னும் பெரியதொரு தத்துவ நிர்ணயம் அதற்குள் ஒடுங்கிக் கிடப்பது புலப்படும். நோயாளியைப் பார்க்க வரும் அண்டை வீட்டுக்காரர் வாயில் மிகச் சாதாரணமாக வருகிற இந்தச் சொல்லை, அதே நோயை அளந்து ஓர் எண்ணாக எழுதிக்கொள்ளும் வைத்திய சாஸ்திரத்தின் அருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்று சில ஆண்டுகளாகவே எனக்குத் தோன்றி வருகிறது. அதற்குக் காரணம் என் பெரியப்பா.

அவர் முப்பது ஆண்டுகள் நில அளவைத் துறையில் உத்தியோகம் பார்த்தவர். நூறு கண்ணிகள் கோத்த 66 அடிச் சங்கிலியை வயலுக்கு வயல் இழுத்துச் சென்று, வரப்புச் சண்டைகளுக்கு நடுவே நின்று, ஒரு கண்ணி கூடாமலும் குறையாமலும் கணக்குச் சொன்ன மனிதர். இரண்டு பேர் ஒரே வரப்பை அளந்து இரண்டு கணக்குச் சொன்னால், சங்கிலியைச் சந்தேகப்படு, பிடித்த கையைச் சந்தேகப்படு, வரப்பின்மேல் பழி போடாதே என்று எங்களுக்குச் சிறு வயதில் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. அவருக்கு ஒரு நாள் விடியற்காலையில் வலப்பக்கம் விழுந்து, பேச்சும் குழறிப்போய், மருத்துவமனையில் சில வாரம் கிடந்து வீடு திரும்பியபின், மூன்றாம் மாத முடிவில் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நானும் உடன் போயிருந்தேன்.

இளைஞரான மருத்துவர் ஒருவர், கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, நடக்கிறாரா, உடை உடுத்திக்கொள்கிறாரா, தாமே குளிக்கிறாரா என்று வரிசையாக வினவினார். "எல்லாம் மாமாவே பண்ணிக்கிறாங்க, டாக்டர்" என்றாள் மருமகள், வேற்றாள் முன்னிலையில் மாமனாரின் கௌரவம் குறையக் கூடாதென்ற எண்ணத்தில். "எங்கே பண்ணிக்கிறார்? தினம் நான்தானே குளிப்பாட்டி விடறேன்" என்றார் பெரியம்மா. பெரியப்பா இடது கையை உயர்த்தினார். வாய் கோணிற்று, உதடு ஒரு எழுத்தின்மேல் வந்து நின்றது, கழுத்து நரம்பு புடைத்தது, சொல் மட்டும் வரவில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். மருத்துவர் இரு பெண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏதோ ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டார். ஆட்டோவில் பாதி வழி வந்தபிறகு பெரியப்பாவிடமிருந்து அந்தச் சொல் வந்தது: "முதுகு... முதுகு மட்டும்." உடம்பெல்லாம் தாமே இடது கையால் சொம்பெடுத்து ஊற்றித் தேய்த்துக்கொள்ளுகிறார், எட்டாத முதுகை மட்டும் பெரியம்மா தேய்த்து விடுகிறார். மருமகள் சொன்னதும் முழு உண்மையன்று, மனைவி சொன்னதும் முழு உண்மையன்று. உண்மை அவரிடம் இருந்தது, அதைக் கேட்பதற்குத்தான் அந்த அறையில் நேரமில்லை.

அந்தத் தாளின் வரலாற்றைப் பின்னர் தேடிப் படித்தேன். கிளாஸ்கோ நகரில் ஜான் ராங்கின் என்ற மருத்துவர், அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு மூளை இரத்தக்குழாய்களில் நேரும் விபத்தைப் பற்றி 1957இல் எழுதியபோது, நோயாளிகள் எந்த அளவுக்குத் தேறினார்கள் என்பதைக் காட்ட ஐந்து படிகளை வகுத்தார். பின்னால் வந்தவர்கள் குறி ஒன்றும் இல்லாதவர்க்குப் பூஜ்யத்தையும், இறந்தவர்க்கு 6ஐயும் சேர்த்தார்கள். முன்னர் செய்தவை அனைத்தையும் செய்ய இயலாவிடினும் தம் காரியங்களைப் பிறர் உதவியின்றிப் பார்த்துக்கொள்கிறவர் 2. சிறிது உதவி வேண்டும், ஆயினும் ஆள்துணையின்றி நடக்கிறவர் 3. துணையின்றி நடக்கவும் உடற்காரியங்களைக் கவனிக்கவும் இயலாதவர் 4. படுத்த படுக்கையாய், மலஜலம் அறியாது, இடைவிடாப் பணிவிடை வேண்டுகிறவர் 5. உலகத்தில் இன்று பாரிசவாயுவுக்கு எந்தப் புதிய சிகிச்சை வந்தாலும், பெரும்பாலும் 90ஆம் நாளில், இந்தப் படிகளில்தான் அதன் பலனை நிறுத்துப் பார்க்கிறார்கள். நம் நாட்டு வைத்தியர்கள் ஒரு மண்டலம் என்று 48 நாள் கணக்கு வைப்பதைப் போல அவர்களுக்கு அந்தத் தொண்ணூறு. அது மனம்போனபடி வைத்த கெடுவன்று. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தவர்கள், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அன்றாடக் காரியங்களில் தாம் எட்டக்கூடிய உயர்ந்த நிலையைப் பன்னிரண்டரை வாரத்துக்குள் எட்டிவிடுவதைக் கண்டார்கள்.

இன்னொரு தாளும் உண்டு. மேரிலாந்தில் ஃபுளோரன்ஸ் மஹோனி, டோரதியா பார்த்தெல் என்ற இரு பெண்மணிகள் 1965இல் வெளியிட்டது. உண்ணல், உடுத்தல், குளித்தல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், நடத்தல், மாடிப்படி ஏறுதல், மலஜலத்தை அடக்குதல் என இப்படிப் பத்துக் காரியங்கள், மொத்தம் நூறு மதிப்பெண். பிறர் துணையில்லாமல் குளித்தால் 5, இல்லையேல் பூஜ்யம். பெரியப்பாவின் முதுகு அந்த ஐந்துக்கும் பூஜ்யத்துக்கும் இடையே கிடந்தது.

இந்தப் பத்தையும் படித்தபோது, சாங்கியரும் சைவரும் எண்ணும் கர்மேந்திரியங்கள் ஐந்து என் நினைவுக்கு வந்தன: வாக்கு, பாதம், பாணி, பாயு, உபஸ்தம். பார்த்தெல் தாளில் நடத்தலும் ஏறுதலுமாகப் பாதம் இருக்கிறது, உண்ணலும் உடுத்தலுமாகப் பாணியாகிய கை இருக்கிறது, கழிவுறுப்புகள் இருக்கின்றன. வாக்கு மட்டும் இல்லை. ஒருவர் பேச்சு முழுவதையும் இழந்து, மனைவியின் பெயரைக்கூடச் சொல்ல முடியாதவராய் இருந்தும், நூற்றுக்கு நூறு வாங்கிவிடலாம். அதைச் செய்தவர்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. நூறு வாங்கியவர் தனியே குடித்தனம் நடத்தக்கூடியவர் என்று பொருள்கொள்ளலாகாது, கூட ஓர் ஆள் இல்லாமல் சமாளிப்பார் என்ற அளவே பொருள் என்று அவர்களே தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். அளவுகோலைச் செய்தவர்களுக்கு அதன் எல்லை தெரிந்திருந்தது. அதைக் கையில் எடுத்த நாம் மறந்துபோனோம்.

தமிழில் 'அளவை' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். நாழியும் படியும் சங்கிலியும் அளவை. வடநூலார் பிரமாணம் என்கிறதும் அளவைதான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை இயற்றியபோது, கடவுளைப் பற்றியும் உயிரைப் பற்றியும் பேசத் தொடங்குமுன் அளவையை எடுத்துக்கொண்டு, காட்சி, கருதல், உரை என்று அதைப் பகுத்து, ஐயமும் திரிபும் கலவாத காட்சியே காட்சி என்று வரையறுத்தார். மெய்ப்பொருளை விசாரிக்கிறவன் முதலில் தன் அளவுகோலை விசாரிக்க வேண்டும் என்பது நம் ஆசாரியர்களின் துணிபு. மருத்துவர் அந்த அறையில் செய்ததும் இம்மூன்று அளவையின் பிரயோகமே: நடையைக் கண்ணால் கண்டது காட்சி, வீட்டார் சொல்லைக் கேட்டது உரை, அவர்கள் சொல் ஒன்றோடொன்று முரண்பட்டபோது நடுவில் ஓர் எண்ணை ஊகித்தது கருதல். அதில் ஐயமும் இருந்தது, திரிபும் இருந்தது.

இது ஒரு மருத்துவமனையின் குறையுமன்று, ஒரு மருத்துவரின் குறையுமன்று. ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர் தனித்தனியே பார்த்து ராங்கின் படியில் நிறுத்தினால் எத்தனை முறை ஒத்துப்போகிறார்கள் என்பதை ஆராய்ந்தவர்கள், 2005இல் வெளியிட்ட முடிவின்படி, வழக்கமான முறையில் விசாரித்தபோது நூற்றுக்கு 43 முறையே ஒற்றுமை காணப்பட்டது. கேள்விகளை முன்கூட்டியே வகுத்து, ஒரே ஒழுங்கில், ஒரே சொற்களில் கேட்டபோது அது 81 ஆக உயர்ந்தது. மருந்து மாறவில்லை, நோயாளி மாறவில்லை, மருத்துவரும் மாறவில்லை. கேட்கும் முறை மாறிற்று. நம் வீடுகளில் இந்த இடர் இன்னும் ஒரு பங்கு கூடுதல். நோய்க்கு முன்னும் அடுக்களைப் பக்கம் போகாதவர், கடை கண்ணிக்குப் பிள்ளைகளை அனுப்பியே பழகியவர், இப்போது அவற்றைச் செய்யவில்லை என்றால், அது இயலாமையா, வழக்கமா, அல்லது அன்பு மிகுதியால் வீட்டார் செய்யவிடாததா? செய்கிறாரா என்பது ஒரு கேள்வி, செய்ய வல்லவரா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு வருகிற விடை எதற்கும் விடையாகாது.

மனிதனை எண்ணால் அளப்பதே தகாது, ஆத்மாவுக்கு அளவேது என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுகிற ஆன்மிகவாதிகளை நான் கேட்டிருக்கிறேன். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நம் நாட்டில் 14 மருத்துவமனைகளில், 1250 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஒரு பெரும் பரீட்சையின் முடிவு 2017இல் வெளிவந்தது. குடும்பத்தாருக்கே பயிற்சி கொடுத்து, அவர்களே வீட்டில் நோயாளிக்கு உடற்பயிற்சி அளிக்கச் செய்தால் கூடுதலாகத் தேறுவார்களா என்பது கேள்வி. கேட்கும்போதே, தேறாமல் எப்படி என்று நம் நெஞ்சம் முந்திக்கொள்கிறது. கூட்டுக் குடும்பமும் தாய்மார்களின் பொறுமையும் பலிக்காமலா போகும்? ஆறாம் மாதத்தில் ராங்கின் படியில் வைத்துப் பார்த்தபோது, இறந்தோரும் பிறரைச் சார்ந்திருப்போரும், பயிற்சி பெற்ற பக்கத்தில் நூற்றுக்கு 47, பெறாத பக்கத்திலும் நூற்றுக்கு 47. அளவுகோல் ஒன்று இல்லாதிருந்தால், நம் அன்பு பலித்துவிட்டது என்று நாமே நம்பிக்கொண்டு, களைத்துப்போன எத்தனையோ மனைவிமார் தலையில் இன்னும் ஒரு சுமையை ஏற்றியிருப்போம். விரும்பியதை விரும்பியபடியே காண்பது திரிபுக் காட்சி. அதினின்று நம்மைக் காப்பதால் அளவுகோல் சத்தியத்தின் பக்கம் நிற்கிற சாதனம்; அதை ஒழுங்காகப் பிடிப்பது தர்மம்.

எனக்கு வருத்தம் தோன்றுவது வேறோரிடத்தில். மூளையின் பெருங்குழாயை அடைத்த இரத்தக்கட்டியை, நோய் கண்டு 6 மணி முதல் 24 மணி வரை கடந்துவிட்ட பின்னும், மெல்லிய குழாயைச் செலுத்தி எடுக்கலாம் என்று மெய்ப்பித்தது 2018ஆம் ஆண்டு அச்சில் வந்த டான் என்னும் ஆய்வு. தொண்ணூறாம் நாளில் பிறர் துணையின்றி வாழ்ந்தவர்கள், அச்சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 49, பெறாதோரில் 13. இதைவிடப் பெரிய உபகாரம் அபூர்வம். ஆனால் அந்த ஆய்வில் ராங்கின் படிகளுக்கு மதிப்பு எடை இட்டபோது, குறியற்றவருக்கு 10, அடுத்தவருக்கு 9.1, அதற்கடுத்து 7.6, 6.5, 3.3 என்று இறங்கி வந்து, படுக்கையில் கிடக்கும் ஐந்தாம் படிக்குப் பூஜ்யமும், இறந்த ஆறாம் படிக்குப் பூஜ்யமும் கொடுத்தார்கள். உயிரோடு கண் விழித்துக் கிடப்பவரும் இல்லாமற் போனவரும் ஒரே எண். கணக்கின் வசதிக்காக என்பது எனக்குத் தெரியும். இத்தகைய எடைகள் நோயாளிகளும் மருத்துவர்களும் சொன்ன மதிப்பீடுகளிலிருந்து பிறந்தவை என்பதும் தெரியும். தெரிந்தும் ஏற்க முடியவில்லை.

1995 டிசம்பர் 8ஆம் தேதி பிரான்ஸில் ழான்-தொமினிக் போபி என்ற பத்திரிகாசிரியருக்கு மூளைத்தண்டில் பாரிசவாயு உண்டாகி, ஏறக்குறைய இருபது நாள் நினைவற்றுக் கிடந்து விழித்தபோது, அறிவு முழுதும் இருந்தது. அசைக்க முடிந்ததோ இடது இமை ஒன்றைத்தான். ராங்கின் படியில் அவர் 5. பார்த்தெல் தாளில் நூற்றுக்குப் பூஜ்யத்தைத் தவிர வேறெதுவும் தோன்றாது. கடற்கரையூரான பெர்க்கில் இருந்த மருத்துவமனையில், பிரெஞ்சு மொழியில் மிகுதியாக வரும் எழுத்து முதலாக வரிசைப்படுத்திய அரிச்சுவடியை ஒரு பெண்மணி ஓதிக்கொண்டே வர, வேண்டிய எழுத்தில் அவர் இமையை மூடி, எழுத்தெழுத்தாகச் சொல்லாக்கி, சொற்சொல்லாக ஒரு முழுப் புத்தகத்தையே எழுதி முடித்தார். 1997 மார்ச்சில் அது வெளிவந்த சில நாளில் இறந்தார். இறந்த நாளுக்கு முந்திய நாளும் இறந்த நாளும் அவருக்கு ஒரே மதிப்புடையவை என்று கூறும் எண், எதை அளந்தது?

கிரியையை அளந்தது என்பதே விடை. சைவ சித்தாந்திகள் உயிருக்கு இச்சை, ஞானம், கிரியை என மூன்று சக்திகளைக் கூறுவார்கள். விரும்புவதும் அறிவதும் செய்வதும் ஆகிய மூன்றில், வெளியே நிற்பவன் கண்ணுக்கு எளிதில் அகப்படுவது செயல் ஒன்றே. அகப்படுவதை அளப்பது நியாயம். அகப்படாததை இல்லையென்று கணக்கில் கழிப்பதே நியாயமன்று.

இந்த இடத்தில் நோயே ஒரு கடினமான ஆட்சேபத்தை எழுப்புகிறது. அதைத் தாண்டிப் போக நான் விரும்பவில்லை. மெய்கண்டார் சிவஞான போதத்தின் மூன்றாம் சூத்திரத்தில், உடம்பின் வேறாக உயிர் ஒன்று உண்டு என்பதற்குக் காரணங்கள் கூறுகையில், ஒருவன் தன் உடம்பை 'எனது' என்று சொல்வதை ஒரு காரணமாக வைக்கிறார். ஆனால் மூளையின் வலப்பாதி பழுதுபட்டு இடப்பக்கம் விழுந்த நோயாளிகளில் சிலர், தம் கை அசையவில்லை என்பதையே அறியமாட்டார்கள். 1914இல் பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு மருத்துவர் இதற்குத் தனிப் பெயரே இட்டார். இன்னும் சிலர் தம் இடது கையைக் காட்டி, இது என் கையன்று, வேறு யாரோ இங்கே வைத்துவிட்டுப் போனார்கள் என்று உறுதியாகச் சொல்வார்கள். 'எனது' என்ற உணர்வையே ஒரு இரத்தக்கட்டி அழித்துவிட முடியுமானால், அந்த உணர்வைச் சாட்சியாக நிறுத்திய வாதம் என்ன ஆகும்? சுவாதீனம் என்ற சொல்லில் 'அதீனம்' போனதோடு 'ஸ்வ'வும் போயிற்றே? நெடுநாள் இது என்னை உறுத்திக்கொண்டிருந்தது. மறுபடி சூத்திரத்துக்கே போனேன். 'எனது' என்பதற்கு முன்னால், முதற்காரணமாகவே, 'இல்லை' என்று சொல்லுகிற ஒருவன் உளன் என்பதை மெய்கண்டார் வைத்திருக்கிறார். ஒவ்வொன்றாக இது நானன்று, இது நானன்று என்று விலக்கிக்கொண்டு வந்தாலும், விலக்குகிறவன் எஞ்சுகிறான். "இது என் கையன்று" என்கிற அந்த நோயாளியின் வாக்கு கையைப் பற்றித் தவறு, சொல்லுகிறவரைப் பற்றிச் சாட்சி. இதனால் தத்துவ வழக்கு முடிந்துவிட்டது என்று நான் சாதிக்கவில்லை. படுக்கையில் கிடப்பவரைப் பூஜ்யமென்று எழுதுமுன் கை நடுங்க இது போதும் என்கிறேன். மற்றொன்று: நோயின் கடுமையை அளக்கும் வேறோர் அளவுகோலில், மொத்தம் 42 புள்ளிகளில் மொழியைச் சார்ந்தவை 7, இவ்விதம் ஒரு பக்கத்து உலகமே மறந்துபோகும் குறைக்கு உள்ளவை 2. பேச்சிழந்தவரின் துன்பம் நமக்குக் கேட்கிறது. பாதி உலகை இழந்தவருக்கு இழந்தது தெரியாததால் நமக்கும் தெரிவதில்லை.

ராங்கின் படிகளில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஒரு கோடு கிழித்து, அப்பாலுள்ளதை நல்ல பலன் என்றும் இப்பாலுள்ளதைத் தீய பலன் என்றும் பிரிப்பது வழக்கமாகிவிட்டது. அந்தக் கோட்டுக்குப் பெயர் சுதந்திரம். பிறர் கையை எதிர்பாராமல் போய்ச் சேர வேண்டும் என்று கோயில் வாசலில் வேண்டிக்கொள்ளாத முதியவர் நம்மில் இல்லை. அந்த வேண்டுதலில் இருக்கும் அச்சத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. என்றாலும் சித்தாந்தம் சொல்வது வேறு. உயிர் எக்காலத்தும் ஏதேனும் ஒன்றைச் சார்ந்தே நிற்பது, சார்ந்ததன் வண்ணமாவது அதன் இயல்பு, சுதந்திரன் ஒருவனே, அவன் இறைவன். பாலுக்குத் தாயைச் சார்ந்தோம், அரிச்சுவடிக்கு ஆசானைச் சார்ந்தோம். நடுவயதில் சில ஆண்டுகள் சார்பு கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதைக் கொண்டு அதையே மனிதனின் அளவாக்கிவிட்டோம். பெரியம்மா முதுகு தேய்த்துவிடும்போது பெரியப்பா தலையைக் குனிந்து, கண்ணை மூடி, அசையாமல் அமர்ந்திருப்பதைப் பின்கட்டில் நான் பார்த்திருக்கிறேன். அவர் முகத்தில் அவமானம் இல்லை.

உங்கள் வீட்டில் யாருக்கேனும் இந்த நோய் கண்டு, மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தால், முதல் நாளே அவர் என்னென்ன செய்கிறார், எதற்கெல்லாம் யார் கை கொடுக்கிறார்கள் என்று கூட்டாமல் குறைக்காமல் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே கேள்வி பிறந்தவுடன் நீங்கள் முந்தாதீர்கள். அவர் உதடு அசையத் தொடங்கியிருக்கும்போதே மருத்துவர் பேனாவை எடுத்தால், "சற்றுப் பொறுங்கள் டாக்டர், அவரே சொல்லட்டும்" என்று சொல்லுங்கள்.